வேலையை விட்டு எடுத்து ‘மிஸ்காண்டக்ட்’ என்று எழுதிவிட்டால்: கலிபோர்னியாவில் அப்பீல் செய்த அனுபவம்

2022 மார்ச்சில் என்னை வேலையை விட்டு எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, வேலை இழந்தவர்களுக்கு அரசு வாரா வாரம் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் பணமும் கிடையாது என்று கடிதம் வந்தது. காரணம் மிஸ்காண்டக்ட், அதாவது ஒழுங்கீனம். ஐம்பத்தோரு வயதில் அந்தச் சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கவரை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பதினோரு நாள் அது அங்கேயே கிடந்தது. அப்பீலுக்குக் கொடுத்திருந்த 30 நாளில் பதினோரு நாள் இப்படிப் போனது.

நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் வந்த அன்றைக்கே பிரித்துப் படியுங்கள். அதில் அச்சடித்திருக்கும் தபால் தேதியிலிருந்து 30 நாள். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. ஒரு பேனாவை எடுத்து, கடைசித் தேதியைக் கவரின் மேலேயே பெரிதாக எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நான் சொல்வதெல்லாம் கலிபோர்னியா கணக்கு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிக் கெடு. டெக்சஸில் அப்பீலுக்கு 14 நாள்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தப் பணம் சிட்டிசன், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை உள்ளவர்களுக்கானது. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. உடனே வேறு வேலைக்குப் போகக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அவர்களுக்கு இடித்துவிடும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் புரியும். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில், வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் கவுன்டரில் நான்கு வருஷம் நின்றேன். ரசீது இல்லாமல் வருகிறவர்களுக்குப் பணத்தைக் கார்டிலேயே திருப்பிப் போடுவோம். அந்த ஜனவரியில் விதியை மாற்றி, ரசீது இல்லை என்றால் கடையிலேயே செலவழிக்கும் கிரெடிட் மட்டும்தான் என்றார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வரிசை கதவு வரைக்கும் நின்றது. ரசீது இல்லாத ஒரு மிக்சரை வைத்துக்கொண்டு சூப்பர்வைசரைக் கேட்டேன். “கார்டுலயே போட்டுடு, லைன் நிக்குது பார்” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அப்படி மூன்று தடவை. மார்ச்சில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பாலிசியை மூன்று முறை மீறியதாக ஒரு தாளைக் காட்டி, ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு எடுக்க முதலாளிக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உங்களுக்கு அன்எம்ப்ளாய்மென்ட் உண்டா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் முதலாளி ஜெயித்துவிடலாம். கலிபோர்னியாவில் காரணமே இல்லாமல்கூட எடுக்கலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு அளவுகோல் வேறு. கலிபோர்னியா அன்எம்ப்ளாய்மென்ட் சட்டத்தின் 1256-ம் பிரிவும் அதன் கீழ் வரும் விதிகளும் நான்கு விஷயங்களைக் கேட்கின்றன. வேலை ஒப்பந்தப்படி உங்களுக்கு ஒரு முக்கியமான கடமை இருந்திருக்க வேண்டும். அதை நீங்கள் கணிசமாக மீறியிருக்க வேண்டும். அந்த மீறல் வேண்டுமென்றே செய்ததாகவோ, என்ன ஆனால் எனக்கென்ன என்ற அலட்சியத்தில் செய்ததாகவோ இருக்க வேண்டும். அது முதலாளிக்குப் பாதகமாக இருந்திருக்க வேண்டும், அல்லது பாதகமாகக்கூடியதாக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் மிஸ்காண்டக்ட். ஒன்று குறைந்தாலும் இல்லை.

இது நேற்று வந்த சட்டம் இல்லை. அமெரிக்காவில் முதன்முதலில் அன்எம்ப்ளாய்மென்ட் சட்டம் போட்ட மாநிலம் விஸ்கான்சின், 1932-ல். அதே மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் 1941-ல், வேலை போன ஒரு டாக்சி டிரைவரின் வழக்கில் மிஸ்காண்டக்ட் என்றால் என்ன என்று வரையறுத்தது. திறமைக் குறைவு, எப்போதோ நடந்த சாதாரணக் கவனக்குறைவு, நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு தப்பாகப் போனது, இவை எதுவும் மிஸ்காண்டக்ட் ஆகாது என்றது. பாய்ன்டன் கேப் வழக்கு என்பார்கள். பல மாநிலங்கள் அந்த வரையறையையே எடுத்துக்கொண்டன, கலிபோர்னியாவும் சேர்த்து. 1984-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி லேப் ஊழியரின் வழக்கு வந்தது. மேலதிகாரி சொன்ன ஒரு வேலையை, நோயாளிக்கு ஆபத்து வரும் என்று நினைத்து அந்த அம்மா செய்ய மறுத்திருக்கிறார். நியாயமான, நேர்மையான நம்பிக்கையில் மறுத்தது மிஸ்காண்டக்ட் இல்லை என்று தீர்ப்பு. இதைப் படித்த ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இன்னும் ஒன்று. வேலையை விட்டு எடுக்கப்பட்டவர்கள் தாங்களே தப்பற்றவர்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மிஸ்காண்டக்ட் நடந்தது என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. நாமாக வேலையை விட்டால் அப்படியே தலைகீழ். நியாயமான காரணம் இருந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும். அதனால், “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது” என்று யாராவது அன்பாகச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் டைம் கேளுங்கள்.

எடுக்கிற அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? அழுகை வரும், பரவாயில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், ‘படித்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை’ என்று பக்கத்தில் எழுதிப் போடலாம். ஒரு காப்பி கேளுங்கள். கடைசிச் சம்பளமும், எடுக்காமல் சேர்ந்திருக்கும் வெக்கேஷன் நாட்களுக்கான பணமும் அன்றைக்கே தரவேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். வீட்டுக்கு வந்ததும், டீ குடிப்பதற்கு முன்பே, நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் யார் அறையில் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று எல்லாம். ஒரு மாதம் கழித்து நம் நினைவு நம்மையே ஏமாற்றும்.

போனில் இருக்கும் ஷெட்யூல் ஆப், மெசேஜ்கள் எல்லாவற்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று சாயங்காலமே லாகின் மூடிவிட்டது. உங்கள் பர்சனல் ஃபைலை, அதாவது முதலாளி உங்களைப் பற்றி வைத்திருக்கும் கோப்பை, பார்க்கவும் நகல் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தரவேண்டும். சம்பள ரெக்கார்டுக்கு 21 நாள். நான் ஒரு பக்கக் கடிதம் எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். என் கேஸைத் திருப்பிப் போட்ட தாள் அந்த ஃபைலில்தான் இருந்தது.

அடுத்தது கிளெய்ம், அதாவது பணம் கேட்டுப் போடும் விண்ணப்பம். வேலை போன வாரமே, இந்தப் பணத்தைக் கவனிக்கும் மாநில அரசுத் துறையான இ.டி.டி.-யில் போட்டுவிடுங்கள். முதல் தகுதி வாரத்துக்குப் பணம் வராது, அது காத்திருப்பு வாரம். இந்தப் பணத்தை யார் கட்டியது என்று நிறையப் பேருக்குக் குழப்பம். உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. என்று பிடிப்பது உடல்நலக் குறைவுக்கான இன்சூரன்ஸ். அன்எம்ப்ளாய்மென்ட் வரியைக் கலிபோர்னியாவில் முதலாளி மட்டுமே கட்டுகிறார், ஒவ்வொரு ஊழியருக்கும் வருஷத்தின் முதல் 7,000 டாலர் சம்பளத்தின் மேல். அவர் ஊழியர்களுக்குப் போகிற பணம் கூடினால் அவருடைய வரி விகிதமும் கூடலாம். அவர்கள் ஏன் மெனக்கெட்டு எதிர்க்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களைத் திருடி என்று மனதார நினைக்கிறார்கள் என்று நினைத்து உடைந்துபோகாதீர்கள்.

ஃபாரத்தில் வேலை போன காரணம் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். லே-ஆஃப் என்று மாற்றி எழுதினால் முதலாளியின் பதில் வந்ததும் பொய் என்றாகிவிடும். பொய்த் தகவலுக்கு, வாங்கிய பணத்தோடு 30 சதவீதம் அபராதமும் உண்டு. ‘பாலிசியை மீறியதாகச் சொல்லி எடுத்தார்கள். அந்த மாற்றத்தை எனக்குச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் சொன்னபடி செய்தேன்’ என்று மூன்று வரி போதும்.

அப்புறம் இ.டி.டி. அதிகாரியோடு போன் இன்டர்வியூ. நான் கோட்டைவிட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “ரசீது பாலிசி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “யெஸ், ஐ நோ” என்றேன். நான் நினைத்தது, இப்போது தெரியும், எடுத்த அன்றைக்குத் தாளைக் காட்டினார்களே, அதனால் தெரியும் என்று. தமிழில் ‘தெரியும்’ என்றால் அவ்வளவுதான், எப்போதிலிருந்து தெரியும் என்று அந்தச் சொல் சொல்லாது. ஆங்கிலத்திலும் அதே பழக்கத்தில் பதில் சொன்னேன். விதி தெரிந்தே மீறியதாக ஒப்புக்கொண்டார் என்று குறிப்பில் ஏறிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, என் வாயிலிருந்து வந்ததைத்தான் எழுதினார்.

நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் பேசும்போது “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டிக்கொண்டே இருப்போம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக. போனில் அது ஒப்புதலாகப் பதிவாகும். மரியாதைக்காக “என் தப்புதான், சாரி” என்பதும் அப்படியே. கேள்வியை முழுதாகக் கேளுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், கேட்டதற்கு மட்டும் தேதியோடு பதில் சொல்லுங்கள். “மார்ச் மாதம் என்னை எடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது” என்று சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு கிடையாது. பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். பாசத்தில் அவர்கள் நாம் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மறுப்பு வந்துவிட்டதா? கடிதத்தோடு டி.இ. 1000எம் என்ற அப்பீல் ஃபாரம் வரும். பெரிய வக்கீல் பாஷை தேவையில்லை. நான் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: இந்தத் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை, வேண்டுமென்றே எந்த விதியையும் மீறவில்லை, புதிய விதி எனக்குச் சொல்லித்தரப்படவில்லை, சூப்பர்வைசரின் சொல்படி செய்தேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கடிதத்தில் இருக்கும் இ.டி.டி. விலாசத்துக்கு அனுப்பினேன். நகல் எடுத்து வைத்தேன், தபால் ரசீதை அதோடு பின் அடித்தேன். கட்டணம் எதுவும் இல்லை. 30 நாள் தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்கு உண்மையான, தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதிப் போடுங்கள், ஜட்ஜ் பார்ப்பார்.

இப்போது சொல்வதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பணம் வராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்ட்டிஃபை செய்துகொண்டே இருங்கள். வேலை தேடினேன், வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று பதில் சொல்லும் அதே ஃபாரம்தான். அப்பீலில் ஜெயித்தாலும், சர்ட்டிஃபை செய்த வாரங்களுக்குத்தான் பணம்.

ஹியரிங் தேதி தபாலில் வரும். நடத்துவது இ.டி.டி. இல்லை, அப்பீல்ஸ் போர்டு என்ற தனி அமைப்பு, அதன் ஜட்ஜ். ஹியரிங்குக்கு முன்பே உங்கள் கேஸ் ஃபைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதலாளி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அதில் இருக்கும்.

கடையிலிருந்து எனக்கு வந்த பர்சனல் ஃபைலில் ‘ஜனவரி 20, புதிய பாலிசி பயிற்சி’ என்று ஒரு தாள் இருந்தது. என் பெயரும் அச்சில் இருந்தது. பெயருக்கு நேரே கையெழுத்துக் கட்டம் காலி. கட்டம் காலி என்பது மட்டும் போதாதே, அன்றைக்கு நான் கடைக்கே வரவில்லை என்று எப்படிக் காட்டுவது? ஆப் மூடிவிட்டது. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர்தான் கேட்டார், “நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு அனுப்புவியே, அது இருக்குமே?” என்று. என்னைக் கூட்டிப்போக வருவதற்காக, வாரா வாரம் என் ஷெட்யூலைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவேன். கையைக்கூடக் கழுவாமல் இரண்டு பேரும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். ஜனவரி 16 அனுப்பிய படம் கிடைத்தது. 20-ம் தேதி, வியாழக்கிழமை, எனக்கு நேரே ‘ஆஃப்’ என்று இருந்தது. “என்னங்க, இதுதாங்க” என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். பார்க்கிங் ரசீது, பஸ் கார்டு கணக்கு, கூட வேலை செய்தவரின் மெசேஜ், டாக்டர் சீட்டு. ஒவ்வொரு தாளுக்கும் மேலே 1, 2, 3 என்று எண் போடுங்கள். நோட்டீஸில் சொன்னபடி ஜட்ஜுக்கும் முதலாளிக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் கூப்பிடுங்கள். வர பயந்தால் சப்பீனா, அதாவது சாட்சி சொல்ல வரவேண்டும் என்ற உத்தரவு, கேட்கலாம். என்னோடு வேலை செய்த பெண் பயந்தாள், நான் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

என்னுடைய ஹியரிங் போனில் நடந்தது. சாப்பாட்டு மேஜையில் தாள்களை வரிசையாகப் பரப்பி, போனை ஸ்பீக்கரில் வைத்தேன். சத்தியப் பிரமாணம் உண்டு, எல்லாம் பதிவாகிறது. முதலாளி பக்கம் எச்.ஆர். அம்மா ஒருவர், வேறு ஊர் ஆபீஸிலிருந்து. மேனேஜர் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். ஜட்ஜ் கேட்டார்: “நீங்கள் அந்தக் கடையில் அன்று இருந்தீர்களா?” இல்லை. “அந்த சூப்பர்வைசர் லைனில் இருக்கிறாரா?” இல்லை. “பயிற்சித் தாளில் இவருடைய கையெழுத்து எங்கே?” காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஹியரிங்கில் பிறர் சொல்லக் கேட்டதையும் ஜட்ஜ் கேட்பார். ஆனால் நேரில் இருந்தவர் சத்தியம் செய்து சொல்வதற்கு அதைவிட எடை அதிகம். நேரில் இருந்தது நான். அதனால் கோபப்படாமல், கடை மோசம், மேனேஜர் மோசம் என்று போகாமல், சனிக்கிழமை மதியம் என்ன நடந்ததோ அதை மட்டும் சொன்னேன். போன் இன்டர்வியூவில் ஏன் தெரியும் என்றீர்கள் என்று ஜட்ஜ் கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் வழியாக நான் நினைத்ததை விளக்கினேன். எதிர்த்தரப்பிடம் கேள்வி கேட்க உங்களுக்கும் வாய்ப்புத் தருவார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: “மூன்றில் முதல் தடவைக்குப் பிறகு எனக்கு எச்சரிக்கை கொடுத்தீர்களா?” கொடுக்கவில்லை. மொத்தம் நாற்பது நிமிஷம்.

ஒன்பது நாளில் தீர்ப்பு தபாலில் வந்தது. நல்லெண்ணத்தோடு செய்த செயல், மிஸ்காண்டக்ட் இல்லை. வாரம் 340 டாலர் வீதம், சர்ட்டிஃபை செய்திருந்த பதினோரு வாரத்துக்கு 3,740 டாலர். கலிபோர்னியாவில் உச்சவரம்பே வாரம் 450 டாலர்தான், அதிகபட்சம் 26 வாரம். பெரிய பணம் இல்லை, ஆனால் இரண்டு மாத வாடகையில் பெரும்பங்கு. இதற்கு ஃபெடரல் வருமான வரி உண்டு, மாநில வரி இல்லை. கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஜட்ஜிடம் தோற்றால் அடுத்த 30 நாளுக்குள் போர்டுக்கு இரண்டாவது அப்பீல். அங்கே பெரும்பாலும் புது ஹியரிங் இருக்காது, பதிவானதை வைத்தே முடிவு செய்வார்கள். அதனால்தான் முதல் ஹியரிங்கிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்கிறேன். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சுப்பீரியர் கோர்ட், ஆறு மாதத்துக்குள். இந்தக் கட்டத்தில் வக்கீல் உதவி வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் லீகல் எய்ட் அட் வொர்க் போன்ற இலவச அமைப்புகளை முன்பே கேட்டுப் பாருங்கள்.

எல்லாக் கேஸும் ஜெயிக்காது. போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவர் வந்தார், வேர்ஹவுஸ் வேலை. தாமதமாக வந்த நண்பனுக்காக இவர் டைம் கிளாக்கில் பஞ்ச் செய்திருக்கிறார், நான்கு நாள். கேமராவில் இருக்கிறது. “அக்கா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?” என்றார். “வேண்டாம் தம்பி, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க” என்றேன். சொன்னார், தோற்றார். நேர்மையில்லாத காரியத்துக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கவில்லை என்ற வாதம் நிற்காது. ஆனால் அந்தத் தடை ஆயுசுக்கும் இல்லை. வாரத் தொகையைப் போல ஐந்து மடங்கு வேறு ஒரு நிஜ வேலையில் சம்பாதித்துவிட்டால் விலகிவிடும். அவருக்கு வாரம் 380 டாலர், ஆக 1,900. ஒரு பேக்கரியில் சேர்ந்து மூன்று வாரத்தில் அதைத் தாண்டினார். ஜனவரியில் அந்த பேக்கரி ஆட்களைக் குறைத்தபோது மறுபடி கிளெய்ம் போட்டார். இந்த முறை பணம் வந்தது. சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வைத்திருந்தார்.